பிரிந்துவிட்டோம் என்று ஒரு கையெழுத்து

1

"நீங்களும் உங்கள் மனைவியும் நிரந்தரமாகப் பிரிந்துவிட்டீர்களா? ஆம், இல்லை. பொருந்தாததை வெட்டிவிடவும்."

எனக்கும் மரகதத்துக்கும் கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷம் நிறைந்த வாரத்தில் தபாலில் வந்த கேள்வி இது. உறை தடிப்பாக இருந்தது. மகள் வசந்தி அனுப்பிய வாழ்த்து அட்டை என்று நினைத்து ஆசையாய்ப் பிரித்தேன். உள்ளே பென்ஷன் ஆபீஸின், எங்கள் வாயில் கந்தோரின், கடிதம். வாசித்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து நாற்றம் வந்த பிறகுதான் எழுந்தேன்.

இலங்கையில் பதுளைப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னை ஞாபகம் இருக்க நியாயமில்லை. ஸ்பிரிங்வெளிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். மரகதத்தின் தம்பி இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டான் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் மனைவியையும் பன்னிரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வடக்கே இந்த மில் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். பத்தொன்பது வருஷம் ஒரு கம்பளி மில்லின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். இப்போது அறுபத்தேழு வயது, ஓய்வு. மரகதம் என்னோடு இல்லை. பஸ்ஸில் பத்து நிமிஷம் தள்ளியிருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள்.

"மரகதம் என்னோடு இல்லை" என்று எழுதும்போதே கை கூசுகிறது. அதைத்தான் அந்தக் கடிதம் என் கைப்பட எழுதி வாங்கப் பார்த்தது.

2

அவளுக்கு மறதி நோய். முதலில் சாவியை மறந்தாள், பிறகு பஸ் நம்பரை, பிறகு இங்கிலீஷை. மில் கன்டீனில் வேலை பார்த்தபோது வெள்ளைக்காரிகளோடு வாய்க்கு வாய் சண்டை போட்டுப் பழகிய இங்கிலீஷ், ஒரே குளிர்காலத்தில் துடைத்தெடுத்தது மாதிரிப் போய்விட்டது. மிஞ்சியது பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலவில் சின்ன வயதில் பேசிய தமிழ் மட்டும். ஒரு நாள் காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது வெறுங்காலோடு பனியில் இறங்கி, "பதுள பஸ்ஸு போயிருச்சா?" என்று போகிற வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். போலீஸ்காரன் ஒருவன் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி வீட்டுக்குக் கூட்டி வந்தான். இரண்டாம் தடவையும் அப்படி நடந்ததும், இனி வீட்டில் வைத்திருக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இல்லத்தில் உள்ளவர்கள் நல்லவர்கள். குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். அங்குள்ள மேட்ரனை மரகதம் "தொரசாணி" என்று கூப்பிடுகிறாள். தோட்டத்துத் துரையின் பெண்சாதி என்று அவளுக்கு நினைப்பு. மேட்ரனோ அது தமிழில் ஏதோ செல்லப் பெயர் என்று எண்ணி, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறார். நானும் திருத்தவில்லை.

சாப்பாட்டில்தான் சிக்கல். மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டியில் கொண்டுவந்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். நான் சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்து உருட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். போன பெப்ரவரியில் எனக்குக் கடுமையான காய்ச்சல். ஒரு கிழமை போக முடியவில்லை. எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப் போய், கண் உள்ளே போய், வேறு யாரோ கட்டிலில் கிடந்தாள். மூக்கு வழியாகக் குழாய் விடுவது பற்றி டாக்டர் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மழையோ பனியோ, பதினொன்றரை மணி பஸ்ஸை நான் தவறவிட்டதில்லை. டிஃபின் கேரியரில் கீழ்த்தட்டில் சோறு, மேல்தட்டில் கறி. பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருக்கும், கருவாட்டு நாளில் பின் சீட்டும் காலி.

3

இங்கே பென்ஷன் இரண்டு தினுசு. தனி ஆளுக்கு ஒரு தொகை. புருஷன் பெண்சாதிக்கு ஒரு தொகை. பின்னது, இரண்டு தனி ஆட்களுக்குக் கொடுப்பதை விடக் குறைவு. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே விளக்கு, சேர்ந்திருந்தால் செலவு குறையும் என்பது அவர்கள் கணக்கு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜோடியில் ஒருத்தர் இல்லத்துக்குப் போய்விட்டால்? அவள் பங்கு இல்லத்துக்குப் போகிறது. என் கைக்கு வருவது, ஏற்கெனவே குறைத்து வைத்த தொகையில் பாதி. வீட்டுக்காரன் வாடகையைப் பாதியாக்கிவிட்டானா? குளிர் ஒரு ஆள்தானே என்று பார்த்து அரைக்குளிர் அடிக்கிறதா? சேர்ந்து வாழ்ந்தால் மிஞ்சும் என்று குறைத்தவர்கள், சேர்ந்து வாழ முடியாமல் போன பிறகும் குறைத்தே கொடுக்கிறார்கள். இந்த வீட்டை விட்டால் இல்லத்துக்குப் பக்கத்தில் என்னால் முடிந்த வாடகையில் வேறு வீடு கிடையாது. தெற்கே வசந்தி வீட்டுக்குத்தான் போகவேண்டும், ரயிலில் ஐந்து மணி நேரம். பிறகு மரகதத்துக்குச் சோறு உருட்டிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

தனி ஆளுக்குரிய தொகை தரும்படி மனுப் போட்டேன். மனு எழுதுவதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. தோட்டத்தில் கூலிக்காரர் குடியிருந்த அத்தனை லயங்களுக்கும் நான்தானே மனு எழுதிக் கொடுத்தேன்! விசாரிக்க ஆள் வருவார் என்று பதில் வந்தது.

இனி நான் செய்ததைக் கேட்டுச் சிரிக்கலாம். தோட்டத்தில் லயத்தை விசாரிக்க ஆள் வந்தால் என்ன செய்வோம்? அறையில் ஆள் குறைந்திருப்பது தெரிந்தால் வேறு குடும்பத்தைக் கொண்டுவந்து பாதியில் குடிவைத்துவிடுவார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளின் சேலையும் கொடியில் தொங்கும். ஊருக்குப் போனவனின் தட்டும் கழுவிக் கவிழ்த்திருக்கும். குடும்பம் குறையவில்லை என்று காட்டினால்தான் குடும்பத்துக்கு உரிமை. நாற்பத்தாறு வருஷம் அந்த மண்ணில் இருந்தவனுக்கு அது ரத்தத்தில் ஊறியிருக்கிறது. விசாரிக்க வருகிறார்கள் என்றதும் மரகதத்தின் சேலைகளை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தேன். இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், கட்டிலில் இரண்டு தலையணை. அவள் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தேன்.

வந்தவள் சின்னப் பெண், வசந்தியை விடவும் இளையவள். தேநீர் கொடுத்தேன். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினாள்.

"சமையல் நீங்கள்தானா?" என்று கேட்டாள்.

"வேறு யார்? தினமும் நான்தான்."

"எத்தனை பேருக்கு?"

"இரண்டு பேருக்கு" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "என் மனைவிக்கும் எனக்கும். முப்பத்தொன்பது வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒரு அடுப்புக்கு மேல் எரிந்ததில்லை."

அவள் எழுதிக்கொண்டாள். சேலைகளைப் பார்த்து, "மனைவியுடையதா?" என்றாள். "ஆமாம், எப்போது வந்தாலும் உடுத்தலாம்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். வாசல் வரை போய் வழியனுப்பினேன். காரியம் முடிந்தது, இவனைப் போல் குடும்பஸ்தன் உண்டா என்று எழுதியிருப்பாள் என்ற மிதப்பில் அன்றைக்கு ஆட்டிறைச்சி சமைத்தேன்.

முடிவுதான் கல்யாண நாள் வாரத்தில் வந்தது. நானே அவர்கள் அதிகாரியிடம் சொன்ன பதில்களின்படி நானும் மனைவியும் ஒரே குடும்பமாக வாழ்ந்து வருகிறோமாம். ஆகவே ஜோடித் தொகையே தொடருமாம். இல்லையென்றால் இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவேண்டுமாம். அந்தப் படிவத்தின் முதல் கேள்விதான் மேலே எழுதியது. இரண்டாவது: "அவர் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்கிறீர்களா?" மூன்றாவது: "இப்போதும் கணவன் மனைவியாக வாழ்கிறீர்களா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கிளாக்கர் மூளை அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ!

4

படிவத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நான் நினைத்தது மரகதத்தை அல்ல, ராக்கம்மாவை. அது எனக்கே அதிர்ச்சி. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயரை நானாக நினைத்ததே இல்லை.

எங்கள் தோட்டத்தில் வேலையை விட்ட வயதானவர்களுக்குக் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் அரிசி கொடுப்போம். தனி ஆளுக்கு ஒரு கொத்து, புருஷன் பெண்சாதிக்கு ஒன்றரைக் கொத்து. கொத்து என்பது நாங்கள் அரிசி அளக்கும் படி. ஒரே அடுப்பில் பொங்குவதால் ஒன்றரை போதும் என்று துரை வைத்த விதி. அளந்து போடுவது கங்காணி, யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது நான். ராக்கம்மாவின் புருஷனுக்கு ஒரு பக்கம் வாதம் இழுத்துவிட்டது. பார்க்க ஆளில்லை, கிழவியும் மலையேறிக் கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவள். பதுளையில் முதியவர்களை வைத்துப் பார்க்கும் ஒரு மடத்தில் அவரைச் சேர்த்தோம். கிழவர் பங்கை மடத்துக்குக் கட்டிவிட்டு, கிழவிக்கு முக்கால் கொத்து என்று எழுதினேன். ஒன்றரையில் பாதி முக்கால், இதில் என்ன பிழை?

அடுத்த அரிசி நாளில் கிழவி கந்தோர் ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"ஐயா, ரெண்டு பேரா இருக்கயில ஒண்ணரக் கொத்து குடுத்தீங்க. இப்ப நா ஒருத்தி. ஒருத்தின்னா ஒரு கொத்து தானுங்களே?"

"நீ ஒருத்தி இல்ல ராக்கம்மா. ஒம் புருஷன் இருக்காரு. நீ ஜோடிக் கணக்கு."

"ஜோடி எங்கங்க ஐயா இருக்கு? அது பதுளையில கெடக்கு, நா இங்க கெடக்குறேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ரொட்டி சுட்டு எடுத்துக்கிட்டு நடந்து போறேன். அந்த மாவுக்கு யாருங்க படியளக்குறது?"

"சட்டம் அப்புடி. நா என்னா செய்ய?"

பிறகு கேட்டாள்: "புருஷன் செத்தவளுக்கு ஒரு கொத்து தானுங்களே?"

"ஆமா."

"அப்ப என்னைய தாலியறுத்தவன்னு எழுதிக்குங்க ஐயா."

என் பேனா நின்றுவிட்டது. கழுத்தில் மஞ்சள் கயிறோடு, நெற்றியில் குங்குமத்தோடு ஒரு மனுஷி இப்படிக் கேட்டு நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "சீ, வாயக் கழுவு! மனுசன் உசுரோட இருக்கயில என்னா பேச்சு பேசுற? கால் கொத்து அரிசிக்காக இப்புடி ஒரு வார்த்தையா?" என்று கத்தினேன். அவள் அழவில்லை. முந்தானையில் அந்த முக்கால் கொத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் இதை மரகதத்திடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அவ கேட்டதுல என்னாங்க தப்பு?" என்றாள். "கால் கொத்து அரிசி குடுக்க மாட்டீங்க. அதுக்குப் பொறகு அவ பேசுற பேச்சு மட்டும் ஒங்களுக்கு அசிங்கமா இருக்கு." நான் கோபித்துக்கொண்டு எழுந்து போனேன். அடுத்த கிழமையிலிருந்து கிழவி கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்று போவதும், மரகதம் உள்ளேயிருந்து ஒரு சின்னப் பொட்டலம் கொடுப்பதும் எனக்குத் தெரியாமல் நடந்தது. இங்கிலாந்துக்கு வந்து பல வருஷம் கழித்து ஒரு சண்டையில்தான் சொன்னாள்.

ராக்கம்மா என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. நான் கப்பலேறிய பிறகு தோட்டத்தில் பாதிப் பேரை இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவளை அனுப்பினார்களா, அப்படியானால் மடத்தில் கிடந்த கிழவரை என்ன செய்தார்கள், யாரைக் கேட்பது? எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு பதுளையிலிருந்து எனக்குக் கடிதம் போடவும் ஆட்கள் இல்லை.

நான் பொல்லாதவனாக இருந்ததில்லை. கை நீட்டி யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. விதியை விதிப்படி எழுதினேன். இங்கே என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துப் போன பெண்ணும் அதைத்தான் செய்தாள். அவளைத் திட்ட வாய் வரவில்லை.

5

வசந்திக்குப் போன் செய்தேன். அவள் ஒரு வங்கியில் வேலை. புருஷன் பீட்டர் தங்கமானவன். பேரப்பிள்ளைகள் என்னை "கிரான்டாட்" என்பார்கள், அதற்கு மேல் அவர்களிடம் என்னோடு பேச வார்த்தை இல்லை. வசந்தியின் தமிழும் பன்னிரண்டு வயதிலேயே நின்றுவிட்டது. அதனால் அவள் தமிழில் பேசும்போதெல்லாம் ஒரு சின்னப் பிள்ளை என்னோடு பேசுவது போலவே இருக்கும்.

"அப்பா, அது வெறும் ஃபோர்ம். சைன் பண்ணி அனுப்புங்க."

"பிரிஞ்சிட்டம்னு எழுதச் சொல்றான்மா."

"ஆமா. அம்மா அங்க, நீங்க இங்க. அது உண்மைதானே?"

"கணவன் மனைவியா வாழலன்னு எழுதச் சொல்றான்."

"அப்பா, அம்மாவுக்கு நீங்க யாருன்னே தெரியாது" என்றாள். அவள் என்னைக் குத்துவதற்குச் சொல்லவில்லை, எனக்குச் சுலபமாக்குவதற்குத்தான் சொன்னாள். "சைன் பண்ணலன்னா இங்க வந்திடுங்க. சின்ன ரூம் இருக்கு. அம்மாவ நர்ஸ்மார் பாத்துக்குவாங்க."

"பாத்துக்குவாங்க" என்றேன். போனை வைத்தேன். எனக்கு வந்தது கோபமா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் மரகதத்தை நினைத்துப் பார்த்தேன். அதைவிடப் பெரிய பிரிவு எது?

மறுநாள் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னேன். சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

"மரகதம், நாம பிரிஞ்சிட்டம்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

மென்று விழுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "உப்பு பத்தலைங்க" என்றாள்.

அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். பிரிந்துவிட்டீர்களா, ஆம். திரும்பி வருவாரா, இல்லை. கணவன் மனைவியாக வாழ்கிறீர்களா, இல்லை. என் கையெழுத்து அழகானது என்று துரைமாரே சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவையும் அழகாகத்தான் விழுந்தது.

6

மூன்று கிழமையில் பதில் வந்தது. என் திருமண வாழ்வில் ஏற்பட்ட மாற்றத்தைக் கருத்தில் கொண்டு இனித் தனி ஆளுக்குரிய தொகை வழங்கப்படுமாம். மேலும் ஏதாவது உதவி தேவைப்பட்டால், பிரிந்த தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் இடத்தின் முகவரியையும் சேர்த்திருந்தார்கள். வீடு தப்பியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மார்க்கெட்டுக்குப் போய் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி, உப்பு சரிபார்த்துக் குழம்பு வைத்தேன்.

கேரியரோடு இல்லத்துக்குப் போனால் வாசலில் ஒரு புதுப் பெண். மேட்ரன் லீவில் போயிருந்தார். யாரைப் பார்க்க வந்தேன் என்று கேட்டு ஒரு பட்டியலைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். பென்ஷன் கந்தோர்க் கடிதத்தின் பிரதி ஒன்று இல்லத்துக்கும் வந்திருக்கிறது. அதன்படி நெருங்கிய உறவு என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு வசந்தியின் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

"மன்னிக்கவேண்டும்" என்றாள் அந்தப் பெண். "பிரிந்த கணவர் அறைக்குள் போவதற்கு மகளின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று போட்டிருக்கிறது. நீங்கள் அவர்தானா?"

மணி பன்னிரண்டு. நான் போகாவிட்டால் உள்ளே மசித்த உருளைக்கிழங்கைத்தான் கொண்டுவந்து வைப்பார்கள். வங்கி வேலையில் இருக்கும் வசந்தியைத் தேடிப் பிடித்து, அவள் கடிதம் எழுதி, அது தபாலில் வந்து சேர எத்தனை நாள்? ஒரு கிழமையில் மரகதம் என்ன ஆனாள் என்பதை நான் பார்த்தவன்.

"இல்லை" என்றேன்.

முப்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, படிவம் கேட்காமல், பேனா இல்லாமல், நான் அவள் புருஷன் இல்லை என்று என் வாயாலேயே சொன்னேன்.

"அப்படியானால் நீங்கள் யார்?"

கேரியரைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். மூடி இடுக்கில் மீன்குழம்பு மணத்தது.

"சமையல்காரன்" என்றேன்.

அவள் பட்டியலைப் பார்த்தாள். மரகதத்துக்கு மதியச் சாப்பாடு வெளியிலிருந்து வரும் என்று அதில் இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, அது நீங்கள்தானா? போங்கள், போங்கள், ஆறிவிடப் போகிறது" என்று தானே எழுந்து வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.